மற்றவர்களுக்காக இரண்டு நிமிடம்

“உம்மட மகன் கால் வைச்ச இடமெல்லாம் ஐஸ் உழுத வயல் மாதிரிக் கிடக்கு, மூண்டுதரம் சுடுதண்ணி விட்டுட்டன், மூடுதில்லை, இனி நாலாந்தரம் விட என்னட்டை மெசினும் இல்லை, மனசும் இல்லை,” என்று அமிர்தநாதன் அன்று காலையிலிருந்து ஆறாவது தடவையாகச் சொன்னபோது யூஜினி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருக்கிற நேரம் பார்த்து வாதாட வரக்கூடாது என்று அந்த மனிதருக்கு இருபத்துமூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்தும் அவர் படித்தபாடில்லை.

“எனக்கு முதல் தரத்திலேயே காது கேட்டது,” என்றாள். “நீங்கள் மெசினைப் பாருங்கோ. பிள்ளையை நான் பாப்பன்.”

“நீர் பாத்த பார்வையிலதான் அவன்ர கால் இப்பிடி இறங்குது.”

“ஏன், நானென்ன அவன்ர காலிலை கல்லோ கட்டி விட்டனான்?”

“கட்டினது ஊர். கயிறு எடுத்துக் குடுத்தது நீர்.”

அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் பின்னேரம், பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கில் ஆடும் ஒரு கழகத்திலிருந்து கஸ்பாரைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வரப்போகிறார், அவருக்குப் பிடித்துவிட்டால் பதினெட்டு வயதுப் பிள்ளை ஆவணியில் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவான், தொலைக்காட்சியில் வருவான், பிடிக்காவிட்டால் இந்த ஊர்க் கழகத்திலேயே கிடந்து முழங்கால் தேய்ந்து தகப்பனுக்குப் பிறகு தகப்பனின் மெசினில் ஏறுவான் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஊருக்கும் தெரிந்திருந்தது.

லோன்ஹாகன் என்ற அந்த ஜெர்மன் மலையடி ஊரில் கம்பித் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு மிஞ்சியவை ஒரு கோயில், ஒரு ஐஸ் மண்டபம், பதினேழு தமிழ்க் குடும்பங்கள். அகதியாக வந்த முதல் மாரிக் குளிரிலேயே, வேறு ஒருவரும் விரும்பாத வேலை என்று, ஐஸை மழித்துத் தண்ணீர் விட்டு மினுக்கும் மெசினை அமிர்தநாதனிடம் கொடுத்தார்கள். அவர் அதில் ஏறி வட்டமாகச் சுற்றத் தொடங்கினார், கலியாணம் கட்டினார், சுற்றினார், மூன்று இராசாக்கள் திருநாளன்று ஆண்பிள்ளை பிறந்தது, கஸ்பார் என்று பெயர் வைத்தார், சுற்றினார், பிள்ளை அவர் மடியில் இருந்து சுற்றியது, பிறகு இறங்கி நடந்தது, விழுந்தது, எழும்பியது, ஒருநாள் ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. அதைக் கண்ட பயிற்சியாளர் ஹார்ட்முட் வாயிலிருந்த விசிலைக் கீழே விட்டார். ஐஸ் ஹொக்கியில் தடுப்பாட்டக்காரன் என்கிறவன், எதிரி கறுப்பு ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வரும்போது அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னுக்குப் பின்னுக்குப் போய் வழியை அடைக்கிறவன். முன்னுக்கு ஓட ஆயிரம் பேர் இருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் கண் இருக்கிறவன் போலப் பின்னுக்குப் போக ஒருவன்தான் பிறப்பான்.

“யூஜினியக்கா, உங்கட பிள்ளை ஒருநாளும் முன்னுக்குப் போகமாட்டானோ?” என்று ஓர் ஆட்டத்தின்போது பரிமளம் சிரித்தாள். பரிமளம் கீழ்மாடிக்காரி.

“முன்னுக்குப் போன உம்மட பிள்ளை மூண்டாம் வகுப்பை ரெண்டுதரம் படிச்சது எனக்குத் தெரியும், பேசாமல் ஆட்டத்தைப் பாரும்,” என்றாள் யூஜினி.

கஸ்பாருக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அது நடந்தது. அவன் அணியில் கோல் காக்கிறவன் மட்டையால் ஒருவனின் காலைத் தட்டிவிட்டான், றெஃபரி இரண்டு நிமிடத் தண்டனை கொடுத்தார். கோல் காக்கிறவன் கோலை விட்டு வரமுடியாது, ஆகவே அவனுடைய தண்டனையை இன்னொருவன் போய், கண்ணாடிக்குப் பின்னால் போட்டிருக்கும் நீள இருக்கையில், தண்டனை வாங்கில், இருந்து தீர்க்கவேண்டும் என்பது அந்த விளையாட்டின் சட்டம். ஹார்ட்முட் கஸ்பாரின் தோளைத் தட்டினார். செய்யாத குற்றத்துக்கு இதென்ன விசர்ச் சட்டம் என்று தமிழ்ப் பெண்கள் எல்லோரும் வாயில் கைவைத்தார்கள், யூஜினிக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்துக் கன்னியர் மட விடுதியில் அவள் படித்த காலத்தில், படிப்பு நேரத்தில் கதைத்த பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை முழந்தாளில் நிற்கலாம், காய்ச்சல்காரிக்காகக் கூட்டாளி நிற்கலாம், அக்காவுக்காகத் தங்கச்சி நிற்கலாம். முழந்தாள் ஆருடையது எண்டு கடவுள் பாக்கிறேல்லை, நிமிசத்தைத்தான் பாக்கிறார் என்பாள் சிஸ்டர் கிளோட்டில்டா. அதை யூஜினி அன்று எல்லோருக்கும் சத்தமாக விளங்கப்படுத்தினாள். ஒரு விளையாட்டுச் சட்டத்தை வேதச் சட்டமாக்கி ஊருக்குக் கொடுத்தது தன் வாய்தான் என்பது அவளுக்குப் பின்னாளில்தான் உறைத்தது.

இரண்டு நிமிடம் முடிந்து கஸ்பார் வாங்கை விட்டு எழும்பினான். யூஜினிக்குப் பக்கத்தில், அந்த இரண்டு நிமிடமும் தன் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்த பரிமளம், “எனக்குப் பசிக்குது,” என்றாள்.

ஒன்பது வருடமாகப் பரிமளத்துக்குச் சோறு தொண்டைக்குள் நின்று நின்றுதான் இறங்கும். ஒரு மொட்டைக்கடிதம் எழுதி ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணத்தைக் குழப்பியவள் அவள், அந்தத் தங்கை இன்னும் தனியாக இருக்கிறாள், கடிதம் எழுதிய கையைப் பார்த்தால் பரிமளத்துக்குப் பசி போய்விடும். அன்று அந்தக் கையாலேயே, வெள்ளிக்கிழமை என்பதையும் மறந்து, இரண்டு சொசேஜும் ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியலும் தின்றாள். சொசேஜ் விற்ற ஃப்ராவ் கெஸ்லர் என்ன நடந்தது என்று கேட்டாள், பரிமளம் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். அடுத்த ஆட்டத்துக்கு முன் ஃப்ராவ் கெஸ்லர், புருஷன் ஆஸ்பத்திரியில் சாகும் நேரம் தான் மூன்றாம் பகுதியைப் பார்க்க மண்டபத்திலேயே நின்றுவிட்ட பதினொரு வருடப் பாரத்தோடு, உடைமாற்றும் அறை வாசலில் கஸ்பாரின் காதில் தன் பெயரைச் சொன்னாள். அன்று கஸ்பார் ஒருவனின் சட்டையைப் பிடித்து இழுத்து இரண்டு நிமிடம் இருந்தான். மறுநாள் ஃப்ராவ் கெஸ்லர் புருஷனின் கம்பளிக் கோட்டைத் தர்மப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பையைக் கூடத் தடவிப் பார்க்காமல், விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது, மழையை ஏற்றுக்கொள்வது போல, குடையை எங்கே வைத்தோம் என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லாமல். பாவத்தைச் சொல்லத் தேவையில்லை, பெயர் போதும் என்பதால் பாவசங்கீர்த்தனத்தைவிட இது சுகம் என்று கத்தோலிக்கர் சொன்னார்கள், மொட்டை அடிக்கத் தேவையில்லை என்று சைவக்காரர் சொன்னார்கள், ஒன்றையும் நம்பாத ஜெர்மன்காரர், நம்பத் தேவையில்லை, ஆட்டம் பார்க்க ரிக்கெற் எடுத்தால் போதும் என்றார்கள். பொய், புறணி, பொறாமைக்கு இரண்டு நிமிடம். சகோதரச் சண்டைக்கும் கைவிட்ட தாய்தகப்பனுக்கும் இரண்டும் இரண்டும் நாலு. பக்கத்து ஊர்த் தமிழர் வான் வண்டியில் வந்தார்கள், ரோல்ஸும் பற்றிஸும் பொரித்துக் கொண்டுவந்தார்கள், வாங்கின் கண்ணாடிக்கு முன்னால் யாரோ மெழுகுதிரி கொளுத்திவிட, மண்டபத்தார் இரண்டு மொழியில் அறிவித்தல் ஒட்டினார்கள்: இங்கே மெழுகுதிரி கொளுத்தக்கூடாது, ஐஸ் உருகும். பங்குத்தந்தை வின்ஃப்ரீட் பிரசங்கத்தில் மூன்று ஞாயிறு இதைக் கண்டித்தார். நாலாவது ஞாயிறு தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக் கடைசி வரிசையில் வந்து குந்தினார். எதிரணிப் பெடியளுக்கும் விஷயம் தெரியும். கஸ்பார் மட்டையைக் கொழுவுவதற்கு முன் “சொறி” என்று மன்னிப்புக் கேட்பான், அவர்கள் மரியாதையாக விழுவார்கள்.

இத்தனைக்கும் வரிசை பார்த்தவள் யூஜினி. குசினிக் கதவில் காகிதம் ஒட்டி, ஆட்டத்துக்கு மூன்று பேருக்கு மேல் இல்லை என்று சட்டம் போட்டு, பிந்தி வந்தவர்களை ஏசி, முந்தி வந்தவர்களையும் ஏசி, “பாவம் செய்யேக்கை நேரம் பாத்தோ செய்தனீங்கள்? இப்ப மட்டும் ஏன் அவசரம்?” என்று கேட்டு, ஊரில் ஒருவரும் தன்னை மரியாதையில்லாமல் பார்க்க முடியாத ஒரு நிலைக்கு வந்திருந்தாள். இருபது வருடமாக அவளை “ஐஸ் மெசின்காரரின் மனிசி” என்றவர்கள் இப்போது படியேறி வந்து “அக்கா” என்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைப் பின்னாளில் அவள் ஒருபோதும் மறைத்ததில்லை.

கஸ்பார் பாரமானான். தராசில் ஏறினால் அதே எழுபத்தெட்டுக் கிலோ; ஐஸில் ஏறினால் சப்பாத்தின் தகடு ஒவ்வொரு மாதமும் ஒரு நூல் ஆழமாய் இறங்கியது. பின்னுக்குப் போவதில் காற்றுப் போல இருந்தவன் மாட்டுவண்டி போலப் போனான். பத்திரிகை அவனை லீக்கிலேயே அதிகம் தண்டிக்கப்பட்ட இளைஞன் என்று எழுதியது. ஹார்ட்முட் செவ்வாய் தோறும் அவனை நிறுத்திவைத்துக் கத்தினார், “உன்ர கை பூ மாதிரி, ஏன் பிழை விடுறாய்?” என்றார், ஒரு செவ்வாய் கத்தி முடித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, அவன் காதில் தன் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு அவனைக் கண்டிக்க ஊரில் தகப்பன் மட்டுமே மிஞ்சினார். அமிர்தநாதன் மட்டும்தான் தனக்கென்று அவனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

“தம்பி, ஏலாட்டில் சொல்லு,” என்று யூஜினி கேட்பாள்.

“பரவாயில்லை அம்மா. ரெண்டு நிமிசம்தானே,” என்பான். அவனுக்குத் தமிழ் குறைவு. இல்லை என்று சொல்வதற்கு ஜெர்மனிலும் அவன் பழகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் யூஜினி ஒருவரையும் எடுக்கவில்லை. “பிள்ளையின்ர வாழ்க்கை, நாளைக்கு ஒருத்தரும் வரப்பிடாது,” என்று காகிதத்தைக் கிழித்தாள். நாலு மணித்தியாலம் ரயிலேறி வந்த ஒரு கிழவரைக் கூட, “பாவத்தை இன்னும் கொஞ்ச நாள் வைச்சிருங்கோ, பழுதாகாது,” என்று படியிலேயே திருப்பி அனுப்பினாள். ஊர் அவளை மெச்சியது. அமிர்தநாதன் கூட, உழுத வயல் என்று ஆறு தடவை சொன்னபின், “அது நல்ல வேலை,” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த இடத்தை அவள் தனக்காக வைத்திருந்தாள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அவளுடையது சின்னதல்ல. போர் முடியப்போகிற அந்த மாசி மாதம், கஸ்பாருக்கு ஆறு வயது, முதல் பயிற்சி, மண்டப வாசலில் முழந்தாளில் இருந்து அவனுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வன்னியிலிருந்து அக்கா. யாரோ ஒருவரின் சற்றலைட் போனில், பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்க, அக்கா பேசத் தொடங்கினாள், குழந்தை குளிரில் சிணுங்கியது, கழகத்துப் பெண் உள்ளே வரும்படி கை காட்டினாள், யூஜினி சொன்னாள்: “அக்கா, பேந்து எடுங்கோ, இப்ப அந்தரமாய் நிக்கிறன்.” அக்கா ஏதோ சொன்னாள், யூஜினி வைத்துவிட்டாள். பேந்தும் இல்லை, பிறகும் இல்லை, ஒருவரும் எடுக்கவில்லை. அக்கா இருக்கிறாளா, இல்லையா, எந்தப் புதைகுழியில், எந்த முகாமில் என்று சொல்ல இன்றுவரை ஒரு ஆளும் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக, சமைக்கும்போதும் செபிக்கும்போதும் வரிசை பார்க்கும்போதும், அவசரத்தில் சொன்ன, அந்தரமாய் நிக்கிறன் என்ற தன் சொந்தக் குரலை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பெரிய கழகத்துக்குப் போய்விட்டால் இனி எப்போது? இது ஊரில் கடைசி ஆட்டம். ஆவணிவரை காத்திருக்கலாம், அங்கே போய் ஒருநாள் கேட்கலாம், கேட்காமலே விடலாம். காத்திருக்கத் தெரிந்திருந்தால் அவளுக்கு இந்தப் பாரமே வந்திராது.

பின்னேரம் கஸ்பார் ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். மீன்குழம்பும் புட்டும் போட்டு வைத்துவிட்டு, முன்னால் இருந்து, “நாளைக்கு ஒராள் இருக்கு, தம்பி,” என்றாள்.

“ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னீங்கள்.”

“இது நான்.”

அவன் புட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தான். “எத்தினை நிமிசம், அம்மா?”

“ரெண்டு காணாது.”

“அஞ்சு?”

“தெரியேல்லை. காணாது.”

அவன் மறுநாள் வரவிருந்த மனிதரைப் பற்றிச் சொல்வான், பெரிய கழகத்தைப் பற்றிச் சொல்வான், நாளைக்கு வேண்டாம் அம்மா என்பான் என்று அவள் காத்திருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் ஏசிவிட்டு விட்டிருப்பாள் என்று பின்னாளில் தனக்குத் தானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். அவன், “இன்னும் கொஞ்சம் குழம்பு,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பகுதிவரைக்கும் கஸ்பார் யாருடைய பாரத்தையும் சுமக்காதவன் போல ஆடினான். பெரிய கழகத்திலிருந்து வந்த சாம்பல் கோட்டுப் போட்ட மனிதர் இரண்டு தரம் குறிப்பெடுத்தார், ஒரு தரம் சிரித்தார். பன்னிரண்டு நிமிடம் மிஞ்சியிருந்தபோது கஸ்பார் தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தான். சட்டையை இழுத்தால் இரண்டு நிமிடம்தான், அது காணாது என்று அவள் சொல்லியிருந்தாள். ஆகவே அவன், எதிரணியில் மட்ஸ் என்ற பத்தொன்பது வயதுப் பெடியனை, “சொறி” என்று சொல்லாமல், முதுகுப் பக்கமாக வந்து, இரண்டு வருடம் ஊர் அவன்மேல் ஏற்றிய அத்தனை பாரத்தோடும் பலகைச் சுவரில் மோதித் தள்ளினான். காறை எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. இரண்டும் பத்தும் பன்னிரண்டு நிமிடம். அவன் போய் வாங்கில் இருந்தான்.

யூஜினிக்கு முதலில் தெரிந்தது நேரம் இருக்கிறது என்பதுதான். வாழ்க்கையில் முதல்முறையாக, உலையில் ஒன்றும் கொதிக்காதது போல, எங்கேயும் ஒருவரும் காத்திருக்காதது போல, அவசரமில்லாமல் மூச்சு வந்து போனது. கோல் விழுந்தது, ஊர் அணி தோற்றது, சாம்பல் கோட்டு மனிதர் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பிப் போனார், அதையெல்லாம் அவள் வேறு யாரோ வீட்டுக் கலியாணப் படம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்து அமிர்தநாதன் மெசினோடு வந்தார். வாங்கின் கதவடியில் நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்தார். அந்த இடத்தில் ஐஸ் இல்லை, சீமெந்து தெரிந்தது. அவர் அண்ணாந்து மனைவியைப் பார்த்தார், அதற்குப் பிறகு ஐஸ் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கஸ்பாருக்கு எட்டு ஆட்டத் தடை வந்தது. பெரிய கழகத்திடமிருந்து மரியாதையான கடிதம் வந்தது. ஊரில் ஒருவரும் அதற்காக வருந்தவில்லை. அவர்கள் கெட்டவர்களில்லை, வருந்துவதற்கு ஒருவரிடமும் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. “வேறை பிள்ளையள் இருக்கினம்தானே,” என்று பரிமளம் அடுத்த மொட்டைக்கடிதத்துக்கு முத்திரை ஒட்டிக்கொண்டு சொன்னாள். கஸ்பார் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனான், மட்ஸ் மன்னித்துவிட்டேன் என்றான், அதனால் ஒரு கிராமும் குறையவில்லை. அவனுடையதை எடுக்க ஆள் இல்லை. ஒரு புதன்கிழமை காலை, வெறும் மண்டபத்தில், யூஜினி அந்தத் தண்டனை வாங்கில் ஒரு மணித்தியாலம் மகனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு இருந்து பார்த்தாள். குண்டி விறைத்ததுதான் மிச்சம்.

பிறகு உயிர்ப்புத் திருநாளுக்குப் பூசைக்கருத்து எழுதக் கோயிலுக்குப் போனாள். ஒவ்வொரு வருடமும் அக்காவின் பெயரை எங்கே எழுதுவது என்பதில் அவளுக்கும் பேனைக்கும் சண்டை: நலமாயிருக்க வேண்டுவோர் பக்கமா, இறந்தோர் பக்கமா? எழுதுவாள், வெட்டுவாள், காகிதத்தைக் கசக்குவாள், பங்குத்தந்தை புதுக் காகிதம் தருவார். இந்த வருடம் ஒரே இழுப்பில் இறந்தோர் பக்கம் எழுதி, மடித்து, பெட்டிக்குள் போட்டாள், வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தாள். பாதி வெங்காயத்தில் கை நின்றது. அக்காவுக்கு உயரம் எவ்வளவு என்று தெரிந்தது, பிறந்த தேதி தெரிந்தது, எல்லாம் அடையாள அட்டையில் இருப்பது போலத் தெரிந்தது. அக்கா தன்னைக் கூப்பிடும் ஒரு பெயர் இருந்தது, யூஜினி இல்லை, வீட்டில் வேறு ஒருவரும் கூப்பிடாத பெயர், அன்று தொலைபேசியை எடுத்ததும் அக்கா முதலில் சொன்னதும் அதைத்தான். அந்தப் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். மழமழவென்று இருந்தது, பெயர் இல்லை.

சித்திரையில் கஸ்பார் கழகத்துச் சட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனான். அமிர்தநாதன் கார் ஓடினார், கஸ்பார் முன்னால், யூஜினி பின்னால். திரும்பி வரும்போது மலைப்பாதையில், வெயில் கண்ணாடியில் அடிக்க, கஸ்பார் சொன்னான்: “அம்மா, மற்ற ஆக்களின்ர எல்லாம் சும்மா பாரம்தான். உங்கடையிலை மட்டும் ஒரு ஆள் கதைக்கிறா.”

யூஜினி முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன கதைக்கிறா?”

“உங்களைக் கூப்பிடுறா. பேந்து, சரி, நான் நிக்கிறன் எண்டு சொல்லுறா.” அவன் காதைத் தேய்த்தான். “வைக்கேல்லை அம்மா. இன்னும் லைன்ல நிக்கிறா. நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கு.”

அமிர்தநாதன் கியரை மாற்றினார்.

“அதை என்னட்டைத் தந்துவிடு, தம்பி,” என்றாள். தரமுடியாது என்பது அவளுக்கும் தெரியும். முழந்தாளில் நின்ற பிள்ளை நின்ற நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்ததாக அவள் எங்கும் கேட்டதில்லை. அவன் தலையைக் கண்ணாடியில் சாய்த்து, யாருக்கோ காது கொடுக்கிறவன் போலக் கண்ணை மூடினான்.

“சரி, அதை விடு,” என்றாள் யூஜினி, இவ்வளவு மெல்லமாகத் தன்னால் பேசமுடியும் என்று அதுவரை அறியாதவளாக. “அவ என்னை என்னெண்டு கூப்பிடுறா? அதை மட்டும் சொல்லு. அந்தப் பேரை ஒருக்காச் சொல்லு, ராசா.”